நினைவஞ்சலியில் ஒரு வரிக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் வரும் நினைவஞ்சலி விளம்பரங்கள் குறித்து ஒரு வேண்டுகோள். கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், மாட்டைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

நான் தஞ்சாவூரில் கம்பாசிட்டராக இருந்தவன். 1971இல், 16 வயதில், கீழவாசல் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்துகளைக் கேஸ் என்கிற அறை பிரித்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் வரி வரியாக அடுக்குகிற வேலை. ஆஃப்செட் வந்து, காலால் மிதித்து ஓட்டும் எங்கள் டிரெடில் மிஷினை எடைக்குப் போட்ட நாள் வரைக்கும் 24 வருடம் அதே கேஸின் முன்னால் நின்றேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எல்லாம் அடித்தோம். அவையெல்லாம் இரண்டு நாள் பொறுக்கும். பொறுக்காத வேலை ஒன்று உண்டு, கருமாதிப் பத்திரிகை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டினால் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்கென்று கோத்த மேட்டர் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். நூல் கட்டி, காலி என்கிற தட்டில் ஏற்றி, சுவரோரம் அடுக்கியிருப்போம். ‘சிவலோக பதவி அடைந்தார்’ என்று ஒன்று, ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்று ஒன்று, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று ஒன்று. ஆள் வந்ததும் பேர், ஊர், தேதி, கிழமை இந்த நான்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கோப்போம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அரை மணி நேரத்தில் ப்ரூஃப் கைக்கு வந்துவிடும்.

வருடக்கணக்கில் அவிழ்க்காத அந்த மேட்டரில், ‘அன்னார்’ என்ற சொல்லில் உள்ள ‘ன்’ எழுத்தின் புள்ளி உடைந்திருந்தது. அதனால் எங்களிடம் அடித்த பத்திரிகைகளில் எல்லாம் ‘அனனார்’ என்றுதான் விழும். மாற்ற வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பார். இன்றைக்கும் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கருமாதிப் பத்திரிகை அகப்பட்டால் அந்தப் புள்ளியைத்தான் முதலில் தேடுவேன். புள்ளி இல்லையென்றால் அது எங்களுடையது. உடனே அந்த அச்சகம் மொத்தமும் எழுந்து வந்துவிடும். எழுத்து கழுவுகிற மண்ணெண்ணெய் வாசனை, மிதிக்க மிதிக்க ஒரு பக்கம் தேய்ந்துபோன மிதிபலகை, மழைக்காலத்தில் தாள் நமத்துப்போகாமல் இருக்க முதலாளி போர்த்திவைக்கும் பழைய கம்பளி. முப்பது வருடத்துக்கு முன்னால் இடித்த கட்டடம் அது. உடைந்துபோன ஒரு புள்ளிதான் அதை எனக்குப் பத்திரமாக வைத்திருக்கிறது.

1983இல் என் அப்பா இறந்தபோது அவருடைய பத்திரிகையையும் நானே கோத்தேன். முதலாளி வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. பேர், ஊர், தேதி, கிழமை. ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். சாயங்காலம் வரும்போது சில நாள் பக்கோடாப் பொட்டலம் வாங்கிவருவார். நாங்கள் தின்று முடித்ததும் அந்தத் தாளைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவி, விளக்குக்குக் கீழே கொண்டுபோய், எண்ணெய்க் கறையோடு முழுவதும் படிப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பொட்டலத் தாளில் எந்தச் செய்தி முழுசாக இருக்கும்? பாதியில் கிழிந்திருக்கும். “மீதி என்னடா ஆகியிருக்கும்?” என்று என்னைக் கேட்பார். நான் ஏதாவது சொல்வேன், அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நான் அச்சகத்தில் சேர்ந்த அன்று ராத்திரி அவர் கேட்ட ஒரே கேள்வி, “இனிமே முழுசாப் படிக்கலாம்ல?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று வந்தாள். கொள்ளுத் தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்டாள். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இருந்த ஒரே தடயம் அந்தக் கருமாதிப் பத்திரிகை. எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல அவரைப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்றாள். நான் கையால் கோத்த பத்திரிகை அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மாட்டுக்கு வருகிறேன்.

1987 என்று நினைவு, ஐப்பசி மழை நேரம். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அப்பா தவறிவிட்டார். அண்ணன் விவரம் எல்லாம் சொல்லி முடித்து முன்பணம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துவிட்டார். தங்கை மட்டும் நகரவில்லை. என் பக்கம் திரும்பி, “அண்ணே, இன்னும் ஒரு வரி சேர்க்கணும்” என்றது அந்தப் பெண். என்ன வரி என்று கேட்டேன். “எங்கப்பா காலையில வெளிய கெளம்புனா, கொட்டாயில நிக்கிற மாட்டுக்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் போவாரு. அதைப் போடணும்.”

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கருமாதிப் பத்திரிகையில் மாட்டைப் போட்டால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். முதலாளியும் யோசித்தார். அந்தப் பெண் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. “போடுங்கண்ணே” என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னது. நான் ஸ்டிக்கை எடுத்தேன். ‘வெளியே கிளம்பும்போது கொட்டிலில் நிற்கும் மாட்டிடமும் சொல்லிக்கொண்டு போகிற எங்கள் அப்பா’ என்று கோத்து, பேருக்கு மேலே வைத்துக் கட்டினேன்.

காரியம் முடிந்து மீதிப் பணம் கொடுக்க அந்தப் பெண்ணே வந்தது. “பத்திரிகையப் படிச்சிட்டு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கண்ணே” என்றது. மாட்டுக்குப் பிரசவம் ஆகாமல் திணறிய ராத்திரி அவர் முட்டளவு சேற்றில் நின்றதை ஒருவர் சொன்னாராம். கடன் கேட்டு வந்தவரிடம் காசு இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வாசலில் காய்ந்த வைக்கோலை ஏற்றிவிட்டதை இன்னொருவர் சொன்னாராம். வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாத சங்கதிகள்.

24 வருடத்தில் எத்தனை ஆயிரம் பத்திரிகை கோத்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. அத்தனை பேரிலும் எனக்கு இன்று நினைவில் இருக்கிறவர் நான் கண்ணால் பார்க்காத அந்த ஒரு மனிதர்தான். அவர் பெயர்கூட மறந்துவிட்டது. காலையில் கொட்டில் பக்கம் திரும்பி ‘வரட்டா’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு முதுகு மட்டும் எனக்குத் தெரிகிறது. ‘பாசமிகு’, ‘பண்பாளர்’, ‘ஊர் போற்றும் உத்தமர்’ என்று நான் கோத்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் பண்பாளர் என்று படித்ததும், “ஆமாம், ஒருநாள் என்ன நடந்தது தெரியுமா” என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. மாடு என்று படித்ததும் திறந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஒப்பாரியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். மாரடித்து அழுகிற கிழவி, போனவர் நல்லவர் என்று சொல்லி அழமாட்டாள். தலை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் கரை என்ன நிறம் என்று சொல்லித்தான் அழுவாள். கூட இருக்கிறவர்கள் அந்த இடத்தில்தான் உடைந்துபோவார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மனைவி. போன ஆவணியில் காலமானாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி உங்கள் நாளிதழில் வர வேண்டும் என்று நினைத்து, போன வாரம் விளம்பரம் வாங்குகிற ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையான பையன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான். ஏழெட்டுக் கவிதை வரிகள், எண் போட்டு. “ஐயா, மூணாம் நம்பர் நல்லா இருக்கும், நிறையப் பேர் அதைத்தான் எடுக்குறாங்க” என்றான். நான் எழுதிக்கொண்டு போயிருந்த வரியைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதெல்லாம் வீட்டுக்குள்ள உள்ள விஷயம் ஐயா, பேப்பர்ல போட்டா நல்லா இருக்காது” என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நூல் கட்டிவைத்த மேட்டர் இன்று ஃபைலுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். நானும் 24 வருடம் அதைத்தானே செய்தேன்.

அவளுக்குத் திருவையாறு. 1980இல் கல்யாணம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் ஐந்து பாலம் வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. கரந்தையில் வடவாற்றைத் தாண்டும்போது அவள் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள். வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும்கூட வீட்டுக் கணக்கு ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். குடமுருட்டி வந்ததும் பேச்சு நின்றுவிடும். மடியில் தூங்குகிற பிள்ளையைத் தட்டி, “எந்திரி, குடமுருட்டி வந்தாச்சு” என்பாள். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு முன்முடியைத் தள்ளிச் சரிசெய்வாள், முந்தானையை இழுத்து விடுவாள், கட்டைப் பையின் காதைக் கையில் சுற்றிக்கொள்வாள். இன்னும் காவிரிப் பாலம் பாக்கி இருக்கும். ஆனாலும் அவளுக்குக் குடமுருட்டியிலேயே அம்மா வீட்டு வாசல் வந்துவிடும். அம்மா போய், அப்பா போய், அண்ணன் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போன பிறகும், கோயிலுக்கு என்று போகும்போதும் இதேதான். நாற்பது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பின் வெட்டாற்றில் வாய்க்குப் போனதில்லை.

போன தை அமாவாசைக்கு நான் மட்டும் போனேன். பஸ்ஸில் தூங்கிவிட்டேன். குடமுருட்டிப் பாலத்தில் தானாக முழிப்பு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அச்சுத் தொழில் சம்பந்தப்பட்டது. 1978இல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1930களிலேயே தன் பத்திரிகையில் பயன்படுத்திக் காட்டியதுதான். 13 எழுத்துகள் மாறின. அவற்றில் ணை, லை, ளை, னை நான்கும் அதுவரை தலைக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நின்றவை. ணா, றா, னா மூன்றும் ஒரே சுழியாக இருந்தவை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆணை பெரிய உதவி. கேஸில் அறைகள் குறைந்தன, கை வேகமானது. நான் முழுமனதோடு வரவேற்றேன்.

என் மனைவி மாறவில்லை. எட்டாவது வரை படித்தவள், படித்தபோது எப்படி எழுதினாளோ அப்படியே கடைசிவரைக்கும் எழுதினாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் அவளுடைய மளிகைச் சீட்டு. கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, கருணைக்கிழங்கு. மூன்றிலும் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரப் பையன்கள் வயது குறைய குறைய அவர்களுக்கு அது புரியாமல் போனது. “தாத்தா, இது என்ன?” என்று என்னிடமே நீட்டுவார்கள். நான் படித்துச் சொல்வேன். கேஸிலிருந்து நானே எடுத்து ஓரம் வைத்த எழுத்துகளை என் வீட்டுக்குள் ஒருத்தி நாற்பது வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தாள். அவள் போன பிறகு அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் இப்படி 11 தாள்கள் கிடைத்தன.

வீட்டுக்குள் உள்ள விஷயம் என்று அந்தத் தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டே அன்று பெரிய கோயில் பக்கம் நடந்தேன். அங்கே ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்திருப்பது எல்லாமே வீட்டு விஷயம்தானே. கோயிலில் ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவர்கள் குடியிருந்த தெருவான தளிச்சேரியில் தெற்கா வடக்கா, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்த வீட்டு வரிசை, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த வரிசையில் எடுத்தபாதம் என்று ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. நடராசர் தூக்கிய கால், ஆடுகிறவளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. அந்தத் தெருவும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த பெண்கள் அங்கே பலர் என்று படித்தபோது, அவர்கள் எந்த ஆற்றில் முடியைச் சரிசெய்துகொண்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

மகளைத் திருவண்ணாமலைப் பக்கம் கொடுத்திருக்கிறேன். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் நடுகல் என்று ஒன்று உண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல். பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். உளி பிடித்துக் கல்லில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டியவனுக்கு, ‘நாய்க்கு எதற்குப் பெயர்’ என்று விட்டுவிட எல்லாக் காரணமும் இருந்தது. அவன் விடவில்லை. 1,400 வருடம் கழித்து, அந்த வீரன் எப்படிப்பட்டவன் என்பதை அவனுடைய நாயை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்கிறேன். மாட்டைப் போடச் சொன்ன அந்தப் பெண்ணின் நினைவு எனக்கு அந்த இடத்தில் வந்தது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் போன குழந்தைகள் 94 பேர். இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வார்கள். வருடா வருடம் அந்த நாளில் தாய்மார்கள் பிள்ளையின் படத்துக்கு முன்னால் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது அந்தந்தத் தாய்க்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் எழுத எனக்கு வரவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். நினைவஞ்சலி கொடுக்க வருகிறவர்களிடம் கவிதை ஃபைலை நீட்டுவதற்கு முன்னால், “அவரைப் பத்தி ஒரு வரி சொல்லுங்களேன்” என்று உங்கள் விளம்பரப் பிரிவும் முகவர்களும் கேட்க வேண்டும். எப்படி நடப்பார், என்ன சொல்லித் திட்டுவார், செருப்பை எங்கே விடுவார், எதைத் தூக்கி எறிய மாட்டார், இப்படி ஏதாவது ஒன்று. முதலில் திகைப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் சொல்வார்கள், என் அனுபவம் அது. அந்த ஒரு வரிக்கு மட்டும் தனியாகக் காசு வாங்காதீர்கள். ஒற்றைப் பத்தி விளம்பரமாக இருந்தாலும் படத்துக்குக் கீழே ஒரு வரி தாராளமாக நிற்கும். நான் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இத்துடன் என் மனைவியின் விளம்பரத்துக்கான வாசகத்தை இணைத்திருக்கிறேன். பேர், ஊர், தேதி, கிழமை, அதற்குக் கீழே இந்த வரி: ‘குடமுருட்டிப் பாலம் வந்ததும் முடியைச் சரிசெய்துகொள்பவள்’. படம் வேண்டாம். அவள் எழுதிய காலண்டர் தாள் ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன், அதைப் படமெடுத்துப் போட்டால் போதும். கறிவேப்பிலை என்ற சொல் தெளிவாகத் தெரிய வேண்டும். தாளின் வலது ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். உங்கள் ஆட்கள் அதைக் கணினியில் சுத்தம் செய்துவிட வேண்டாம். தாளைத் திருப்பி அனுப்ப, அஞ்சல்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
கீழவாசல், தஞ்சாவூர்.